ஒட்டு விடவில்லை, பல் நகர்ந்துவிட்டது: கிளிப் கழற்றி ஏழு ஆண்டுகளுக்குப் பின் ஒரு நிகழ்வு ஆய்வு

24 வயதுப் பெண். சொல்லும் குறைகள் இரண்டு. கீழ்வரிசையில் வலது கோரைப்பல் "நீளமாகிக்கொண்டே போகிறது", ஈறும் இறங்கியிருக்கிறது. மேல்வரிசையில் வலது பக்கவாட்டு வெட்டுப்பல் மீண்டும் திரும்பிக்கொண்டிருக்கிறது. இரண்டாவதற்குக் காரணம் அவருக்கே தெரியும்: ரிடெய்னர் (கிளிப் கழற்றிய பின் பற்கள் திரும்பிப் போகாமல் பிடித்துவைக்கும் கருவி) போடுவதை நிறுத்தி நாளாகிவிட்டது. முதலாவதுதான் புரியவில்லை. கீழே ஒட்டிய கம்பி இன்னும் அப்படியேதான் இருக்கிறது, ஒரு பல்லிலும் கழலவில்லை.

இது ஒரே ஆளின் கோப்பு அல்ல. இத்தகைய வாய்களில் வழக்கமாகத் தென்படும் கூறுகளைச் சேர்த்து, பயிற்சிக்காக அமைத்த மாதிரி நிகழ்வு. பற்களை உலகளாவிய இரண்டு இலக்க முறையில் குறித்திருக்கிறோம்: முதல் இலக்கம் வாயின் எந்தக் கால்பகுதி, இரண்டாவது நடுக்கோட்டிலிருந்து எத்தனையாவது பல். 43 என்பது கீழ் வலது கோரைப்பல், 33 கீழ் இடது கோரைப்பல், 12 மேல் வலது பக்கவாட்டு வெட்டுப்பல். இவற்றை "நாலு-மூணு", "மூணு-மூணு", "ஒண்ணு-ரெண்டு" என்று படிக்க வேண்டும். நாற்பத்து மூன்று பல் யாருக்கும் கிடையாது.

முன்கதை

14 வயதில் சிகிச்சை தொடங்கியது. கீழ்த்தாடையில் சுமார் 6 மி.மீ. இட நெருக்கடி. மேலே 12 கிட்டத்தட்ட 40 பாகை சுழன்றிருந்தது. முதல் முன்கடைவாய்ப் பற்கள் நான்கையும் எடுத்துவிட்டு இரண்டு தாடைகளிலும் பிரேஸ் (கிளிப்) போட்டு, 17 வயதில் கழற்றினார்கள். மேலே ரிடெய்னராக, 1 மி.மீ. பிளாஸ்டிக் தாளைப் பல்வரிசையின் அச்சு மாதிரி மேல் உருக்கி உறிஞ்சி எடுத்த ஒளிபுகும் டிரே. ஆறு மாதம் நாள் முழுக்க, பிறகு இரவில் மட்டும். கீழே கோரைப்பல் முதல் கோரைப்பல் வரை ஆறு பற்களின் நாக்குப் பக்கத்தில் 0.0175 அங்குலப் பல இழை முறுக்குக் கம்பி. ஒன்று, மூன்று, ஆறு, பன்னிரண்டாம் மாதங்களில் பார்வை, அதோடு சரி. மூன்றாம் ஆண்டில் மேல் டிரே விரிசல் விட்டது. புதியது செய்துகொள்ளவில்லை.

இதில் பெரிய தவறு என்று காட்ட எதுவும் இல்லை. நாள் முழுக்க ஆறு மாதம் என்பதே பலருக்குத் தேவைக்கு அதிகம். ஒளிபுகும் டிரேயை முதலிலிருந்தே இரவில் மட்டும் போட்டவர்களுக்கும் குறுகிய காலத்தில் பல்வரிசை ஏறக்குறைய அதே அளவு நின்றது என்று ஒப்பீட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஓட்டை வேறு இடத்தில். கம்பிக்கு ஆயுள் உண்டு, அதை யாராவது தொட்டுப் பார்க்க வேண்டும் என்று முதலாண்டுக்குப் பின் யாரும் நினைக்கவில்லை.

பரிசோதனை

மேலே 12, 11-இன் மீது ஏறி சுமார் 20 பாகை சுழன்றிருக்கிறது. வலப்பக்கம் பல் எடுத்த இடத்தில் 0.7 மி.மீ. இடைவெளி. முன்பற்கள் ஆறின் தொடுபுள்ளிகள் ஐந்தும் ஒன்றையொன்று எவ்வளவு தாண்டி நிற்கின்றன என்று அளந்து கூட்டினால் 3.8 மி.மீ. இந்தக் கூட்டளவை 1975-இல் கீழ் முன்பற்களுக்காக வகுத்தவர் ராபர்ட் லிட்டில். 3.5 மி.மீ. வரை ஏற்கலாம் என்பது பரவலாகக் கையாளப்படும் கோடு. இங்கே மேல்தாடைக்கு அதையே கடன் வாங்கியிருக்கிறோம்.

கீழே பார்வைக்கு முதலில் எதுவும் தெரிவதில்லை. வெட்டுப்பற்கள் நான்கும் கோடு போட்டதுபோல் நிற்கின்றன, கூட்டளவு 1.5 மி.மீ. தாண்டவில்லை. கண்ணாடியை மேலே பிடித்துக் கடிவிளிம்புகளை நேர்க்கோணத்தில் பார்த்தால்தான் கதை தெரிகிறது. 43-இன் முனை நாக்குப் பக்கம் சாய்ந்திருக்கிறது. 33-இன் முனை உதட்டுப் பக்கம் சுமார் 2 மி.மீ. வெளியே வந்திருக்கிறது. பக்கவாட்டிலிருந்து இரண்டு கோரைப்பற்களின் நீளச்சாய்வையும் ஒன்றன்மேல் ஒன்றாக மனத்தில் வைத்தால் பெருக்கல் குறிபோல் வெட்டிக்கொள்கின்றன. 43-இன் ஈறு உதட்டுப் பக்கம் 4 மி.மீ. இறங்கியிருக்கிறது. அதற்குக் கீழே விரலால் தடவினால் வேரின் மேடு முழுசாகத் தட்டுப்படுகிறது. கெட்டியான ஈறு 1 மி.மீ. தான் மிச்சம். ஈறுப் பள்ளம் 1 மி.மீ., பல்லின் ஆட்டம் இயல்பு, குளிர்ச்சிச் சோதனைக்கு உயிரோட்டம் உண்டு.

இனி கம்பி. கண்ணால் பார்த்து "ஒட்டியிருக்கிறது" என்று எழுதுவது போதாது. காற்றடித்து உலர்த்தி, பிறகு ஒரு சொட்டு எச்சில் படரவிட்டு, ஒவ்வொரு பல்லையும் உதட்டுப் பக்கத்திலிருந்து விரலால் அழுத்தி விடவேண்டும். கம்பியைப் பல்லோடு ஒட்டும் பிசினான காம்போசிட்டின் ஓரத்தில் நுண்குமிழி எழுந்தால் அங்கே ஒட்டு விட்டுவிட்டது. கம்பி பிடித்துக்கொண்டிருப்பதுபோல் தோன்றினாலும் அந்தப் பல் தனியாள். இந்தப் பெண்ணுக்கு ஆறு பற்களிலும் குமிழி இல்லை, காம்போசிட்டுக்கு அடியில் கரும்கோடும் இல்லை. ஒட்டு முழுமையாக இருக்கிறது. இந்த நிகழ்வில் அதுதான் கெட்ட செய்தி.

கோரைப்பல் பகுதிக்கு மட்டும் எடுத்த முப்பரிமாண எக்ஸ்ரேயில் 43-இன் உதட்டுப் பக்க எலும்பு வேரின் பெரும்பகுதிக்கு இல்லை. வேர்நுனி மட்டும் எலும்புக்குள் இருக்கிறது.

பழைய இடமா, புதிய இடமா

எல்லா முடிவுகளும் இந்த ஒரு கேள்வியிலிருந்துதான் கிளம்புகின்றன. பதில் அலமாரியில் இருக்கிறது: சிகிச்சைக்கு முந்தைய மாதிரியும், கழற்றிய நாள் படங்களும்.

12-ஐ முதல் மாதிரியோடு வைத்துப் பார்த்தால் அதே திசைச் சுழற்சி, அளவு பாதி. அதாவது பல் வந்த வழியே திரும்பிப் போகிறது. இதற்கு விளக்கம் எளிது. வேருக்கும் எலும்புக்கும் நடுவிலுள்ள நார்கள் மூன்று, நான்கு மாதத்தில் புது இடத்துக்கு ஏற்பத் திருந்திவிடும். ஈறுக்குள்ளிருக்கும் கொலாஜன் நார்களுக்கு நான்கிலிருந்து ஆறு மாதம். எலும்பு விளிம்புக்கு மேலே பல்லின் கழுத்தைச் சுற்றியிருக்கும் மீள்தன்மை நார்கள் ஓராண்டு கடந்தும் இழுத்துக்கொண்டிருக்கும். நார்வே நாட்டு ஆய்வாளர் கோரே ரைட்டன் 1959-இல் வெளியிட்ட நாய்ப்பல் ஆய்வில், சுழற்றி நிறுத்திவைத்த பற்களைச் சுற்றி 232 நாட்களுக்குப் பிறகும் இந்த நார்கள் இழுபட்ட நிலையிலேயே இருந்தன. சுழன்ற பல்தான் முதலில் திரும்பும் என்று இத்துறையில் எல்லோரும் சொல்வது இதனால்தான்.

43 அப்படி அல்ல. முதல் மாதிரியில் 43-இன் முனை உதட்டுப் பக்கம் துருத்தி நின்றது. கழற்றிய நாளில் நேராக இருந்தது. இப்போது நாக்குப் பக்கம் சாய்ந்திருக்கிறது. இந்தப் பல் ஒருநாளும் இருந்திராத இடம் இது. பழைய இடத்துக்குத் திரும்பும் விசை எதிர்த்திசையில் இழுக்க முடியாது. நாக்கு, உதடு, நார்கள் எவற்றின் மேல் பழி போட்டாலும் 33 வெளியேயும் 43 உள்ளேயும் போனதை விளக்க முடியாது. இரண்டையும் ஒன்றாகப் பிடித்திருப்பது கம்பி மட்டுமே. அது தன் நெளிவைத் தளர்த்திக்கொண்டே வந்திருக்கிறது, பற்கள் அதன் பின்னால் போயிருக்கின்றன.

ஒரு பல்லைச் சாய்க்க 35 முதல் 60 கிராம் விசை போதும் என்பதைப் பாடநூல்கள் தரும் கணக்காக நினைவில் வைத்தால், இது ஏன் சாத்தியம் என்று புரியும். முறுக்குக் கம்பி மெல்லியது, வில்போல் வளைந்து கொடுப்பது. அதனால்தான் பற்களின் இயல்பான நுண்ணசைவை அது அனுமதிக்கிறது, ஒட்டும் எளிதில் விடுவதில்லை. அதே வில்தன்மைதான் இங்கே வினை. ஒட்டும்போதே கம்பி முழுக்க ஓய்வாக இல்லாமல், விரலாலோ கருவியாலோ பல்லோடு அழுத்திப் பிடித்து விளக்கொளி காட்டியிருந்தால், அந்த அழுத்தம் காம்போசிட்டுக்குள் பூட்டப்பட்டுவிடும். இல்லையென்றால் பின்னாளில் கடினமானதைக் கடித்து நடுவில் கம்பி நிரந்தரமாக வளைந்திருக்கலாம், இழைகள் கொஞ்சம் முறுக்கவிழ்ந்திருக்கலாம். ஒட்டு பலவீனமாக இருந்திருந்தால் ஏதாவது ஒரு பல்லில் விட்டுப்போய் விசை தீர்ந்திருக்கும். நன்றாக ஒட்டியிருந்ததால் ஏழு ஆண்டும் வேலை செய்தது.

நடுவில் ஞானப்பல் பற்றி. "ஞானப்பல் முளைத்துத் தள்ளியதா" என்று எல்லோரும் கேட்கிறார்கள், இவரும் கேட்டார். முன்பல் நெரிசலைத் தடுக்கவென்று ஞானப்பல்லை எடுப்பதற்கு ஆதாரம் இல்லை. பிரேஸே போடாதவர்களுக்கும் வயது ஏற ஏற கீழ் முன்பற்கள் நெருங்கத்தான் செய்கின்றன, கோரைப்பற்களுக்கு இடையிலுள்ள அகலமும் குறைகிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் லிட்டிலும் உடன் பணியாற்றியவர்களும் 1981-இல் வெளியிட்ட ஆய்வு இந்தப் பெண்ணைப் போலவே நான்கு முன்கடைவாய்ப் பற்கள் எடுத்த 65 பேரைப் பற்றியது. ரிடெய்னரை நிறுத்திக் குறைந்தது பத்தாண்டு கழித்துப் பார்த்தபோது மூன்றில் இரண்டு பங்கினருக்குக் கீழ் முன்வரிசை திருப்தியாக இல்லை. ஆகவே ரிடெய்னருக்கு முடிவுத் தேதி போடுவதில் பொருளில்லை.

கம்பியை வெட்டிய நாள்

முதலில் ஸ்கேன், படங்கள். அதற்குப் பிறகுதான் வெட்டு. இந்த வரிசை மாறினால் ஆதாரம் போய்விடும். வெட்டியது 42-க்கும் 43-க்கும் நடுவில். வெட்டிய கணத்தில் இரண்டு முனைகளும் விலகி, ஒன்று மற்றொன்றைவிட அரை மி.மீ. மேலே எழுந்து நின்றது. ஓய்வாக இருந்த கம்பி வெட்டுப்பட்டால் முனைகள் எதிரெதிரே அப்படியே நிற்கும். பூட்டிவைத்த விசை ஏழாண்டு கழித்தும் மிச்சமிருந்ததைக் கண்ணால் பார்க்கக் கிடைக்கும் இடம் இதுதான். அடுத்து 33 பக்கமும் வெட்டி, எல்லாக் காம்போசிட்டையும் டங்ஸ்டன் கார்பைடு பர்ரால் (சுழலும் சீவுமுனை), தண்ணீர் விடாமல் காற்று மட்டும் அடித்து, எனாமலின் பளபளப்பு தெரியும் வரை மெதுவாகச் சீவி எடுத்தார்கள். ஈரத்தில் காம்போசிட்டும் எனாமலும் ஒரே நிறமாகத் தெரியும். அப்படிச் சீவினால் பல்லும் சேர்ந்து போகும்.

கம்பி போனதும் வெட்டுப்பற்கள் நான்கும் கட்டவிழ்ந்த நிலை. அவற்றை நிறுத்த டிரே வேண்டும், ஆனால் கோரைப்பற்களை இருக்கும் கோணலிலேயே பிடித்து வைக்கக் கூடாது. அதற்கொரு வழி: டிரே செய்யும் மாதிரியில் 33, 43 இரண்டின் மீதும் மெழுகு பூசிப் பருமனாக்கிவிட்டு, அதன் மேல் தாளை உருக்கினால் அந்த இரண்டு பல்லுக்கும் நகர இடம் கிடைக்கும், மற்றவை இறுக்கமாக நிற்கும். எட்டு வாரம் காத்திருந்ததில் 33 தானாகவே ஏறக்குறைய அரை மி.மீ. உள்ளே வந்தது. 43 அசையவில்லை. வேரையே எலும்புக்குள் திருப்ப வேண்டிய இடத்தில் காத்திருப்பு மட்டும் பலிக்காது என்பது எதிர்பார்த்ததுதான், ஆனாலும் எட்டு வாரம் கொடுப்பது நியாயம். அந்த நாட்களிலேயே பல்லில் படிந்த காரையை எடுத்து, மென்மையான பிரஷ்ஷை அழுத்தாமல் பிடிக்கப் பழக்கியாகிவிட்டது.

மறுசிகிச்சை

அலைனரிலேயே (பல்லைப் படிப்படியாக நகர்த்தும் ஒளிபுகும் டிரே வரிசை) முடித்துவிடலாமா என்ற கேள்வி வந்தது. 12-இன் சுழற்சி மட்டுமாக இருந்தால் முடித்திருக்கலாம். 43-க்குத் தேவைப்படுவது முனையை வெளியே கொண்டுவரும்போதே வேரை நாக்குப் பக்கம் எலும்புக்குள் திருப்பும் முறுக்கு. அது செவ்வகக் கம்பி செவ்வகப் பள்ளத்துக்குள் திரும்பிக் கொடுக்கும் வேலை. டிரே வழுக்கும் இடம் அதுவே.

0.022 அங்குலப் பள்ளம் கொண்ட பிராக்கெட்டில் (பல்லில் ஒட்டி, கம்பியைத் தாங்கும் சிறு பிடி) 0.019 × 0.025 அங்குலச் செவ்வகக் கம்பி போட்டாலும் சுமார் 10 பாகை வரை கம்பி சும்மா ஆடும். முறுக்கு பல்லுக்குப் போய்ச் சேர்வது அதற்குப் பிறகுதான். ஆகவே 43-க்குத் தலைகீழாக ஒட்டிய பிராக்கெட்: எதிர்க்குறி 6 பாகை முறுக்குள்ள கீழ்க் கோரைப்பல் பிராக்கெட்டை 180 பாகை திருப்பி ஒட்டினால் அது நேர்க்குறி 6 ஆகிவிடும், சாய்வளவு மாறாது. மிச்சத்தைக் கம்பியில் மடித்துக் கொடுத்தார்கள். 33-க்கு வழக்கமான பிராக்கெட். கீழே பதினொரு மாதம், மேலே ஐந்து மாதம்.

12-ஐ நேராக்கிய பின், பிரேஸ் கழற்றுவதற்குச் சில வாரம் முன்னால், அதைச் சுற்றியுள்ள நார்களை வெட்டிவிடும் சிறு அறுவை செய்யப்பட்டது. மரப்பு ஊசி போட்டு, ஈறுப் பள்ளத்துக்குள் கத்திமுனையை விட்டு எலும்பு விளிம்பு தட்டும் வரை இறக்கி, பல்லைச் சுற்றி வந்துவிடுவது. உதட்டுப் பக்கம் ஈறு மெலிதாக இருந்தால் நடுவில் வெட்டாமல் விட வேண்டும். தையல் கிடையாது. 1970-இல் எட்வர்ட்ஸ் விவரித்த இந்த முறை சுழற்சிக்குத்தான் நன்றாக உதவும். இடைவெளி திறப்பதையோ பல் சாய்வதையோ இது தடுக்காது.

43-இன் வேர் உள்ளே போகப் போக ஈறு இறக்கம் 4-லிருந்து 2.5 மி.மீ. ஆகக் குறைந்தது. ஈறு ஒட்டு வேலையை அதற்குப் பிறகுதான் செய்ய வேண்டும். வேர் எலும்புக்கு வெளியே நிற்கும்போது ஈறை இழுத்து மூடினால் அது தங்குவதற்கு அடியில் எதுவும் இருக்காது. பிரேஸ் கழற்றி மூன்று மாதம் கழித்து மேலண்ணத்திலிருந்து எடுத்த இணைப்புத் திசுவை வைத்து மூடினார்கள். ஆறு மாதத்தில் மிச்ச இறக்கம் 0.5 மி.மீ.

மறுபடியும் கம்பி போடலாமா

இங்கே கருத்து வேறுபாடு இருக்கும். கம்பியால் வந்த வினைக்கு மறுபடியும் கம்பியா என்று கேட்டால் கேள்வி நியாயம்தான். ஆனால் இந்தப் பெண் டிரே உடைந்து நான்கு ஆண்டு சும்மா இருந்தவர். டிரேயை மட்டும் நம்பினால் கீழ்வரிசையை அவர் மறதியின் கையில் ஒப்படைத்ததாக ஆகும். கோரைப்பற்கள் இரண்டில் மட்டும் ஒட்டும் 0.030 அங்குல ஒற்றை உருட்டுக் கம்பியும் உண்டு. தடிமனானது, தானாக வளையாது. ஆனால் நடு வெட்டுப்பற்களை அது பிடிக்காது, கோரைப்பல்லே நோயாளியாக இருக்கும்போது அதையே தூணாக்குவதும் சரியில்லை.

தேர்ந்தெடுத்தது இரட்டைப் பூட்டு. 0.0215 அங்குல ஐந்திழைக் கம்பி ஆறு பற்களிலும், அதன் மேல் இரவில் ஒளிபுகும் டிரே. இங்கே டிரேயின் முதல் வேலை பல்லைப் பிடிப்பது அல்ல, அது அளவுகோல். கம்பி ஏதாவது விசை கொடுக்கத் தொடங்கினால் டிரே அந்தப் பல்லில் இறுகும். ஏழு ஆண்டு தெரியாமல் போன விஷயம் ஒரே இரவில் தெரிந்துவிடும்.

ஒட்டும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் முதல் தவறு பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. கம்பியை வாய்க்குள் வைத்து வளைக்கக் கூடாது. மாதிரியில் வளைக்க வேண்டும். வளைத்து முடித்தபின் விரலெடுத்துவிட்டுப் பார்த்தால் ஆறு பற்களிலும் தானாகத் தொட்டுக்கொண்டு கிடக்க வேண்டும். ஒரு முனையை லேசாகத் தட்டினால் மறுமுனை எழும்பக் கூடாது. எழும்பினால் அந்தக் கம்பி குப்பைக்கு. திருத்திப் பார்க்கிறேன் என்று முறுக்குக் கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் இழை பிரியும். தயாரான கம்பியை மாதிரியிலிருந்து அப்படியே வாய்க்குக் கொண்டுபோகச் சிலிக்கான் பிடி ஒன்று செய்துகொண்டால், யாரும் அழுத்திப் பிடிக்க வேண்டிய தேவையே வராது. பல்லிடுக்கு நூலைச் சுருக்குப் போட்டுக் கம்பியைப் பல்லோடு இழுத்துக் கட்டும் பழக்கம் பலரிடம் உண்டு. நூல் இழுக்கும் ஒவ்வொரு இழுப்பும் பூட்டிவைக்கப்படும் ஒரு விசைதான்.

நாக்குப் பக்கத்தில் காரை துளியும் இருக்கக் கூடாது. பியூமிஸ் தூளால் தேய்த்துக் கழுவி, உலர்த்தி, 37 சதவீத பாஸ்பாரிக் அமிலம் 30 நொடி, நன்றாகக் கழுவி உலர்த்தினால் எனாமல் சுண்ணாம்பு வெண்மையாகத் தெரியும். கீழ் முன்பற்களின் நாக்குப் பக்கம் வாயிலேயே அதிக எச்சில் ஊறும் இடம். வெண்மையான பரப்பில் எச்சில் பட்டுவிட்டால் துடைத்துவிட்டுத் தொடரக் கூடாது, அமிலத்திலிருந்து திரும்பத் தொடங்க வேண்டும். பிறகு பிரைமர் (காம்போசிட் பிடிக்க உதவும் திரவப் பூச்சு), பிடியோடு கம்பி, ஒவ்வொரு பல்லிலும் காம்போசிட். திட்டு கம்பிக்கு மேல் சுமார் 1 மி.மீ. கனம், ஓரங்கள் எனாமலில் கரைந்து போக வேண்டும். நடுவில் கம்பி தெரியும் அளவுக்கு மெலிதாக வைத்தால் சில ஆண்டில் தேய்ந்து கம்பி உருவிக்கொள்ளும். பல்லிடுக்கில் காம்போசிட் வழியக் கூடாது, ஈறுக்கும் திட்டுக்கும் நடுவில் இடுக்குப் பிரஷ் போக வழி இருக்க வேண்டும். விளக்கொளி ஒரு பல்லுக்கு 20 நொடி, விளக்கின் திறனைப் பொறுத்துக் கூடலாம். கடைசியில் கடிதாளை வைத்துக் கடிக்கச் சொல்ல வேண்டும். கீழே பெரும்பாலும் சிக்கல் வராது. மேலே கம்பி ஒட்டுவோர் இதை மறந்தால் கீழ்ப்பல் மோதி மாதங்களில் ஒட்டு விடும்.

டிரே செய்யும்போது கம்பி இருக்கும் இடத்தை மாதிரியில் மெழுகால் மூடிவிட வேண்டும். இல்லாவிட்டால் டிரே கழற்றும் ஒவ்வொரு காலையும் கம்பியை இழுக்கும். விளிம்பை ஈறுக்கு 1 முதல் 2 மி.மீ. தாண்டி நேராக வெட்டினால் பிடிப்பு நல்லது. கடைசிக் கடைவாய்ப் பல்லையும் டிரே மூட வேண்டும். அதை விட்டு வெட்டிய டிரேயை மாதக்கணக்கில் போட்டால் மூடப்படாத பல் மட்டும் மேலெழுந்து, கடித்தால் அந்தப் பல் முதலில் இடிக்கும். மேலுக்கும் கீழுக்கும் டிரே இரண்டு ஜோடி. ஸ்கேன் கோப்பு நோயாளியின் கையிலும் ஒன்று. டிரே தொலைந்தால் அளவெடுக்க நாள் போகாமல் அந்தக் கோப்பிலிருந்தே அச்சிட்டு வாங்கிக்கொள்ளலாம்.

வீட்டில் பார்த்துக்கொள்வது

டிரேக்குக் கொதிநீர் ஆகாது, ஒருமுறை காட்டினாலே உருக்குலைந்துவிடும். குளிர்ந்த நீர், மென்மையான பிரஷ், பற்பசை இல்லாமல். கழற்றியதும் பெட்டிக்குள் போக வேண்டும். டிஷ்யூவில் சுற்றி மேசையில் வைத்த டிரே குப்பைக்கூடைக்குப் போகும், தரைக்கு எட்டும் இடத்தில் வைத்தால் வீட்டு நாய்க்குப் போகும். டிரே தொலைந்த கதைகளில் பெரும்பாதி இந்த இரண்டும்தான்.

கம்பிக்கு அடியில் ஒருமுனை விறைப்பான நூலையோ மெல்லிய இடுக்குப் பிரஷ்ஷையோ தினம் ஒருமுறை விட வேண்டும். பல்லுக்குப் பல் மேலிருந்து கீழே நூல் இறங்காது, கம்பி தடுக்கும். பக்கவாட்டில் நுழைத்துத்தான் இழுக்க முடியும். மாதம் ஒருமுறை, எப்போதும் ஒரே கோணத்தில், கீழ்வரிசையை மேலிருந்தும் நேரே முன்னாலிருந்தும் படம் எடுத்து வைத்தால் கண்ணுக்குப் பழகிப்போகும் மாற்றம் படத்தில் மாட்டிக்கொள்ளும். கோரைப்பற்களின் முனைகளையும் இரண்டு பக்க ஈறு உயரத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே போதும்.

டிரே போடும்போது ஒரு பல்லில் மட்டும் இறுக்கம் தெரிந்தால் அது முழுசாக உட்காருகிறதா என்று பார்க்க வேண்டும். உட்கார்ந்தால் ஒரு வாரம் நாள் முழுக்கப் போட்டுப் பார்க்கலாம். இறுக்கம் போகாவிட்டால் மருத்துவரிடம். பல்லின் முனைக்கும் டிரேக்கும் நடுவே 1 மி.மீ. இடைவெளி தெரிந்தால் அழுத்தி உட்காரவைக்க முயலக் கூடாது, டிரே விரிசல் விடும்.

ஒரு பல்லில் ஒட்டு விட்டுப்போனால் கம்பியைப் பிடுங்க வேண்டாம், டிரேயைப் பகலிலும் போட்டுக்கொண்டு ஒரு வாரத்துக்குள் காட்ட வேண்டும். அங்கே இன்னொரு கண்ணி இருக்கிறது. பல் கொஞ்சம் நகர்ந்துவிட்ட நிலையில் கம்பி பல்லைத் தொடாமல் கால் மி.மீ. விலகி நிற்கும். அதைக் கருவி முனையால் பல்லோடு அழுத்திக் காம்போசிட் வைத்துவிட்டால் பார்க்கச் சுத்தமான வேலை, நோயாளிக்கும் பத்து நிமிடத்தில் முடிந்த திருப்தி. செய்தது புது விசையைப் பூட்டியது. சரியான வழி, அந்தப் பல்லை டிரேயாலோ வேறு வழியாலோ முதலில் கம்பிக்குக் கொண்டுவந்து பிறகு ஒட்டுவது, அல்லது முழுக்கம்பியையும் எடுத்துவிட்டுப் புதிதாக மாதிரியிலிருந்து செய்வது.

பின்தொடர்தல்

கழற்றிய பின் ஒன்று, மூன்று, ஆறு மாதங்களில் பார்வை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. ஒவ்வொரு முறையும் குமிழிச் சோதனை, ஈறு அளவு, டிரே உட்காரும் விதம், கழற்றிய நாள் ஸ்கேனோடு ஒப்பீடு. 12 அசையவில்லை. 43-உம் நின்ற இடத்தில் நிற்கிறது.

பதினான்காம் மாதம், குறித்த நாளுக்கு முன்பே அவர் வந்தார். கீழ் டிரே 33-இல் மட்டும் இறுகுவதாகவும், ஒரு வாரம் பகலிலும் போட்டும் காலையில் அந்தப் பல்லில் மட்டும் மெல்லிய வலி இருப்பதாகவும் சொன்னார். குமிழி எங்கும் இல்லை. ஸ்கேன் ஒப்பீட்டில் 33-இன் முனை 0.3 மி.மீ. வெளியே. கண்ணாடியைச் சாய்த்து வெளிச்சம் படவைத்துப் பார்த்தால் 32-க்கும் 33-க்கும் நடுவில் கம்பி மிக லேசாக ஈறுப் பக்கம் வளைந்திருந்தது. அங்கே வெட்டி, 33-இன் திட்டை மட்டும் எடுத்துவிட்டார்கள். டிரே மூன்று வாரம் நாள் முழுக்க. நான்காம் வாரத்தில் 33 டிரேக்குள் சத்தமில்லாமல் உட்கார்ந்தது. கம்பி இப்போது 43 முதல் 32 வரை ஐந்து பற்களில் இருக்கிறது, 33-ஐ இரவு டிரே மட்டும் பிடித்திருக்கிறது. அந்தப் பக்கம் மறுபடியும் கம்பி ஒட்டவில்லை.